குதிரைக் குட்டி வளர்ப்பு: குளம்பு, கால், தீவனம் – கேள்வி பதில்

கேள்வி (கோபி): அண்ணா, இந்த ஆடியில அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில ஒரு மார்வாரி ஆண் குட்டி வாங்கினேன். ரெண்டரை வயசுன்னு சொன்னாங்க. லாடம் கட்டலாமா?

பதில்: முதலில் உதட்டை விலக்கி முன்பற்களைப் பாருங்கள். மேலும் கீழும் நடுப்பல் இரண்டும் விழுந்து பெரிய பல் முளைப்பது இரண்டரை வயது வாக்கில்தான். அடுத்த ஜோடி மூன்றரையில், ஓரப்பல் நாலரையில். எல்லாமே சின்னதாக, வெள்ளையாக, ஈறோரம் சிறுத்த பால் பல்லாக இருந்தால் குட்டிக்கு இன்னும் இரண்டரை ஆகவில்லை. சந்தையில் வயதைக் கூட்டிச் சொல்வது நடப்பதுதான். வாய்ச்சொல்லை விடப் பல்லை நம்புங்கள்.

எப்படியானாலும் லாடம் இப்போது வேண்டாம். கால் ஊன்றும்போது குளம்பின் குதிப்பக்கம் (பின்பக்கம்) கொஞ்சம் விரிய வேண்டும், தூக்கும்போது சுருங்க வேண்டும். தரையின் அதிர்வைத் தாங்குவதில் இந்த அசைவுக்குப் பெரிய பங்கு உண்டு. வளரும் குளம்பில் இரும்பை வைத்து ஆணி அடித்தால் குதி விரிய வழியில்லாமல் ஒடுங்கிப்போகும்.

வேண்டியது சீவல் மட்டுமே. குளம்பு மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும். நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை அரம் படட்டும். சீவி முடித்ததும் சிமெண்ட் தரையில் நிறுத்திப் பக்கவாட்டில் பாருங்கள். குளம்புக்கு மேலுள்ள கணுக்காலின் முன்கோடும் குளம்பின் முன்கோடும் ஒரே நேர்கோடாக ஓட வேண்டும். நடுவில் உடைந்து பின்பக்கம் சரிந்திருந்தால் நுனி நீளமாகவும் குதி தாழ்ந்தும் கிடக்கிறது என்று பொருள். அது தசைநாருக்குச் சுமை. பிறகு காலைத் தூக்கி உள்ளங்குளம்பைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். அமுங்கினால் அளவுக்கு மீறிச் செதுக்கிவிட்டார்கள். பளபளப்புக்காகக் குளம்பின் வெளிச்சுவரை அரத்தால் தேய்க்கவும் விடாதீர்கள். அப்படித் தேய்த்தால் ஈரத்தைக் காக்கும் மேல்தோல் போய்விடும்.

கேள்வி (பொள்ளாச்சி): 16 மாசக் குட்டி. கோ-4 புல், கோதுமைத் தவிடு 3 கிலோ, கொள்ளு 1 கிலோ குடுக்கறேன். நல்லா தின்னுது, ஆனா ஒரு நாள் முன்காலு, ஒரு நாள் பின்காலுன்னு தாங்கித் தாங்கி நடக்குது. முகமும் ரெண்டு பக்கமும் கொஞ்சம் உப்பின மாதிரி இருக்கு.

பதில்: இதைத் தள்ளிப்போடாதீர்கள். நீங்கள் சொல்வது சுண்ணாம்புச் சத்துக் குறைவின் அடையாளம். தவிட்டில் பாஸ்பரஸ், கால்சியத்தைப் போலப் பல மடங்கு. குதிரைக்கு அது தலைகீழாக, பாஸ்பரஸ் ஒரு பங்கு என்றால் கால்சியம் ஒன்றரை முதல் இரண்டு பங்காக இருக்க வேண்டும். கோ-4 போன்ற கம்பு-நேப்பியர் புல்லில் உள்ள ஆக்சலேட், இருக்கிற கால்சியத்தையும் குடலில் பிடித்துவைத்துக்கொள்ளும். மாட்டின் இரைப்பையில் அதை உடைக்கும் நுண்ணுயிர்கள் உண்டு, குதிரை பாவம். அதனால் உடம்பு எலும்பிலிருந்து சுண்ணாம்பை உருவிக்கொள்கிறது. முக எலும்பு உப்புவதும் நொண்டல் கால் மாறி மாறி வருவதும் அதனால்தான்.

செய்ய வேண்டியது: தவிட்டை அடியோடு நிறுத்துங்கள். கோ-4ஐப் பாதியாகக் குறைத்து, காய்ந்த அருகம்புல்லும் குதிரை மசாலும் சேருங்கள். பெயரிலேயே குதிரை இருக்கிற அந்தப் பயிரில் கால்சியம் தாராளம். மசாலைப் பச்சையாக நாளுக்கு 5 கிலோ வரை மெல்ல மெல்ல ஏற்றலாம். கொள்ளு வேகவைத்து அரைக் கிலோ போதும், அதையும் இரண்டு வேளையாகப் பிரியுங்கள். ரத்தப் பரிசோதனைக்குப் பிறகு சுண்ணாம்பு, டைகால்சியம் பாஸ்பேட் அளவை மருத்துவர் சொல்லட்டும். எலும்பு பழைய பலம் பெற மாதக்கணக்கில் ஆகும், அதுவரை ஓட்டம் கூடாது.

எடை தெரியாவிட்டால் நாடாவில் அளக்கலாம். முன்காலுக்குப் பின்னால் மார்பைச் சுற்றிய அளவை அதே அளவால் பெருக்கி, தோள்முனையிலிருந்து பிட்டம் வரையுள்ள நீளத்தால் பெருக்கி, 10,900 ஆல் வகுங்கள் (எல்லாம் சென்டிமீட்டரில்). சுற்றளவு 140, நீளம் 130 என்றால் சுமார் 234 கிலோ. இந்த வயதுக்கு எடையில் இரண்டு முதல் இரண்டரை சதவீதம் உலர் தீவனம், அதாவது 5 முதல் 6 கிலோ. பச்சைப்புல்லில் பெரும்பகுதி தண்ணீர் என்பதைக் கணக்கில் வையுங்கள்.

இன்னொன்று: மாட்டுத் தீவனம், கோழித் தீவனம் எதையும் வைக்காதீர்கள். சிலவற்றில் சேர்க்கப்படும் மொனென்சின் என்ற மருந்து குதிரையின் இதயத் தசையை அழித்துக் கொன்றுவிடும்.

கேள்வி (திருச்சி): ஒன்றரை மாதக் குட்டி. முன்னங்கால்கள் இரண்டும் வெளிப்பக்கம் திரும்பி நிற்கின்றன. தானாகச் சரியாகுமா?

பதில்: குட்டியின் நேர்முன்னால் நின்று பார்த்தால் தெரியாது. அதன் முழங்கால் எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம் போய் நின்று பாருங்கள். அங்கிருந்து முழங்கால், கணு, குளம்பு ஒரே கோட்டில் தெரிந்தால் தோளிலிருந்தே கால் திரும்பியிருக்கிறது, அவ்வளவுதான். மார்பு அகலமாக அகலமாகப் பெரும்பாலும் நேராகிவிடும். முழங்காலிலோ கணுவிலோ கோடு ஒடிந்து தெரிந்தால் அது கோணல், அவசரம். கணுவருகே எலும்பின் வளர்ச்சி முதல் மூன்று மாதத்திலேயே பெரும்பாலும் முடிந்துவிடும். உங்களுக்கு இருப்பது சில வாரங்கள்தான். வேப்பேரி அல்லது நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோய் எக்ஸ்ரே எடுங்கள். அதுவரை தாயோடு சின்ன அடைப்பில் வையுங்கள்.

கேள்வி (தஞ்சாவூர்): மழை தொடங்கியதிலிருந்து குளம்படியில் கறுப்பாகக் கசிவு, நாற்றம் தாங்கவில்லை. மண்ணெண்ணெய் ஊற்றச் சொல்கிறார்கள்.

பதில்: வேண்டாம், புண்ணான சதை வெந்துபோகும். உள்ளங்குளம்பின் நடுவில் முக்கோணமாக, ரப்பர் போல இருக்கிற பகுதி அழுகுகிறது. காரணம், காற்றுப் புகாத சேற்றிலும் மூத்திர ஈரத்திலும் வளரும் கிருமிகள். தினம் இருமுறை கொக்கியால் பள்ளங்களைக் குதியிலிருந்து நுனி நோக்கிச் சுரண்டி, பிரஷ்ஷால் தேய்த்து, துணியால் ஈரம் ஒற்றி, போவிடோன் அயோடின் தடவுங்கள். நடுப்பள்ளம் ஆழமாக இருந்தால் அதில் நனைத்த பஞ்சைத் திணியுங்கள். தொங்கும் சதைத் துணுக்குகளை லாடக்காரர் வெட்டிவிடட்டும், காற்றுப் படணும். லாயத்தின் தரை காயாவிட்டால் எந்த மருந்தும் நிற்காது.

கேள்வி (கம்பம்): ரெண்டு வயசுல வண்டியில பூட்டிப் பழக்கலாமா?

பதில்: கூடாது. முழங்காலுக்கு மேலுள்ள வளர்ச்சித் தட்டு மூடவே இரண்டு, இரண்டரை வயதாகும். முதுகெலும்புக்கு ஐந்துக்கும் மேல். இப்போது கையில் பிடித்து நடத்துங்கள், சேணத்துக்கும் சத்தத்துக்கும் பழக்குங்கள். தார் ரோட்டு ஓட்டமும் சின்ன வட்டத்தில் கயிற்றில் சுற்றுவதும் வேண்டாம்.

கேள்வி (மதுரை): நேற்று வரை நன்றாக இருந்த குட்டி இன்று ஒரு காலைத் தரையில் வைக்கவே இல்லை. எலும்பு முறிவா?

பதில்: அதற்கும் வாய்ப்பு உண்டு என்பதால் நடத்தாமல் மருத்துவரை வரவழையுங்கள். ஆனால் வீக்கமோ கோணலோ இல்லாமல் ஒரு குளம்பு மட்டும் சுட்டு, கணுவின் பின்புறம் இரு ஓரத்திலும் நாடி விரலை முட்டினால் பெரும்பாலும் உள்ளே சீழ். சீழ் வெளியேற வழி செய்வதே மருந்து. வழி திறந்த பின் எப்சம் உப்புக் கரைத்த வெதுவெதுப்பான தண்ணீரில் 15–20 நிமிடம், தினம் இருமுறை காலை வைத்திருங்கள்.

ஆணி குத்தியிருந்தால் இன்னும் கவனம். மருத்துவர் சீக்கிரம் வர முடியுமானால் பிடுங்காதீர்கள். ஆணியோடு எக்ஸ்ரே எடுத்தால்தான் மூட்டைத் தொட்டதா என்று தெரியும். ஆணி மேலும் இறங்காதபடி குளம்படியில் கட்டை வைத்துக் கட்டுங்கள். பிடுங்கியே ஆகவேண்டும் என்றால் குத்திய இடம், ஆழம், சாய்வு மூன்றையும் போனில் படம் எடுத்துக்கொண்டு பிடுங்குங்கள். டெட்டனஸ் ஊசி போட்டாயிற்றா என்று அன்றே கேளுங்கள். தடுப்பூசி போட்ட தாயின் குட்டிக்கு 4–6 மாதத்தில் முதல் ஊசி, 4–6 வாரம் கழித்து அடுத்தது, ஒரு வயது நெருங்கும்போது மூன்றாவது, பிறகு ஆண்டுக்கு ஒன்று. சந்தையில் வாங்கிய குட்டிக்கு எதுவும் போடவில்லை என்றே வைத்துக்கொண்டு முதலிலிருந்து தொடங்குங்கள்.