மேனேஜர் வேலையை வேண்டாம் என்கிற பையன்

ஐயா,

போன சனிக்கிழமை பேர்ணாம்பட்டிலிருந்து, தோல் பதனிடும் டேனரிகளுக்குக் கெமிக்கல் விற்கிற உங்கள் பையனைக் கூட்டிக்கொண்டு, சத்துவாச்சாரியில் வேலை ஆலோசனை சொல்லும் என்னிடம் வந்து, "ஏரியா மேனேஜர் வேலையைக் கூப்பிட்டுக் கொடுக்கிறாங்க, இவன் வேண்டாங்கிறான், நீங்களாவது புத்தி சொல்லுங்க" என்றீர்கள். அன்று கூட்டம் அதிகம். அரை மணி நேரத்தில் அனுப்பிவிட்டேன். பாக்கியை இப்போது எழுதுகிறேன்.

நீங்கள் டீ குடிக்கப் போன நேரத்தில் தம்பியிடம் இரண்டு கேள்வி கேட்டேன். போன மாதத்தில் மனசுக்கு நிறைவாக இருந்த நாள் எது என்பது முதல் கேள்வி. ஆம்பூர் டேனரி ஒன்றைப் பற்றிச் சொன்னார். வெட் புளூவை (குரோமில் பதனிட்ட ஈரத் தோலை) ரீடேனிங், அதாவது மறுபடி பதனிடல், செய்து காயவைத்தால் தோல் பலகை மாதிரி விறைத்து நிற்கிறதாம். "உங்க ஃபேட் லிக்கர் சரியில்ல, சரக்கைத் திருப்பி எடுத்துட்டுப் போ" என்று, தோலை மிருதுவாக்க விடும் அந்த எண்ணெயைப் பற்றி டேனரி மாஸ்டர் சத்தம் போட்டிருக்கிறார். தம்பி எதிர்த்துப் பேசவில்லை. தோலைப் போட்டுச் சுழற்றும் டிரம் அடுத்த முறை ஓடும்போது கூடவே நின்று, நியூட்ரலைசேஷன் (தோலின் அமிலத்தைக் குறைப்பது) முடிந்ததும் தோலில் ஒரு துண்டு நறுக்கி, வெட்டின இடத்தில் பிசிஜி சொட்டு (அமிலம் இருந்தால் மஞ்சளாகவும் குறைந்தால் நீலமாகவும் காட்டும் சோதனைத் திரவம்) விட்டுக் காட்டியிருக்கிறார். இரண்டு ஓரமும் நீலம், நடுவில் மஞ்சள் கோடு. உள்ளே இருக்கும் அமிலம் இன்னும் நீங்கவில்லை. அப்படி இருந்தால் எண்ணெய் நடுவரைக்கும் இறங்காது. டிரம்மை இன்னும் கொஞ்ச நேரம் ஓட்டவைத்து, கோடு மறைந்த பிறகுதான் ஃபேட் லிக்கரை விடச் சொல்லியிருக்கிறார். அந்தத் தோல் காய்ந்ததும் துணி மாதிரி மடங்கியதாம். திருப்பி எடுக்கச் சொன்ன சரக்குக்கு மறு ஆர்டரும் வந்தது. இதைச் சொல்ல அவருக்கு இருபது நிமிடம் பிடித்தது. கை இரண்டும் டிரம்மாகவே சுற்றின.

இரண்டாவது கேள்வி: புதிதாகச் சேர்ந்த பையன்களுக்கு ஏதாவது சொல்லிக்கொடுத்தீர்களா? "ராணிப்பேட்டையில ஒரு பையன் சார். தப்பா பண்ணான். நானே வாங்கிப் பண்ணிட்டேன்." அவ்வளவுதான் பதில்.

நான் கவனித்தது அந்தப் பதிலைத்தான். மேனேஜர் வேலை என்பது அந்தப் பையன் தப்பாகச் செய்யும்போது கையைக் கட்டிக்கொண்டு நிற்பது. அவன் கற்றுக்கொள்ளும்வரை மாஸ்டரின் திட்டையும் வாங்கிக்கொள்வது. கடைசியில் ஆர்டர் அவன் பெயரில் ஏறும்போது உண்மையிலேயே சந்தோஷப்படுவது. நன்றாக விற்கிறவனுக்கு இது மூன்றும் கசக்கும்.

எனக்குக் கசந்தது. இந்த வேலைக்கு வருவதற்கு முன் நான் மருந்து கம்பெனியில் ரெப். வேலூர், ஆற்காடு, குடியாத்தம் என்று பையைத் தூக்கிக்கொண்டு அலைந்து டார்கெட்டை முடித்தவன். இருபத்தொன்பது வயதில் மேனேஜர் ஆக்கினார்கள். வீட்டில் பாயசம். ஜாயின்ட் வொர்க், அதாவது ரெப்போடு சேர்ந்து டாக்டரைப் பார்க்கப் போனால், அவன் வாய் திறப்பதற்குள் டாக்டரிடம் நானே பேசிவிடுவேன். ஆர்டர் வரும், அந்தப் பையன் முகம் செத்துப்போகும். ஒரு வருடத்துக்குள் ஐந்து பேரில் மூன்று பேர் விலகிவிட்டார்கள். மேலே இருந்தவர்கள் என்னையும் கழற்றிவிட்டார்கள். அப்போதுதான் இன்னொன்று உறைத்தது. ரெப்பாக இருந்தவரை 1976ஆம் வருடத்து விற்பனை மேம்பாட்டு ஊழியர் சட்டத்தின் பாதுகாப்பு இருந்தது, யூனியனும் இருந்தது. மேலாளர் வேலையையே பிரதானமாகப் பார்ப்பவருக்கு அந்தச் சட்டத்தில் அப்போது இடம் இருக்கவில்லை. எனக்கு மிஞ்சியது அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் இருந்த நோட்டீஸ் பீரியட் மட்டும். தம்பியின் தொழில் வேறு என்றாலும், கையெழுத்துப் போடுவதற்கு முன் அந்தப் பக்கத்தை நீங்களும் ஒருமுறை படித்துவிடுங்கள்.

சம்பளத்துக்கு வருவோம். இப்போது மாதம் 34,000. மேனேஜர் ஆனால் 48,000. பதினான்காயிரம் கூட என்று கணக்குச் சொன்னீர்கள். போன வருடம் இன்சென்டிவ் மட்டும் 2,10,000 வந்ததாகத் தம்பி சொன்னார். மாதத்துக்குப் பிரித்தால் 17,500. ஆக இப்போதே 51,500 வாங்குகிறார். மேனேஜருக்கும் இன்சென்டிவ் உண்டு, ஆனால் டீம் மொத்தமும் டார்கெட்டைத் தொட்டால்தான். ஏரியாவில் ராணிப்பேட்டை, வாணியம்பாடியோடு ஈரோடும் திண்டுக்கல்லும் சேருகின்றன. அங்கே ஒருவர் விற்பனை படுத்தால் இவர் கணக்கும் படுக்கும். வாரத்தில் பாதி நாள் காட்பாடி ஸ்டேஷனில்தான் இருப்பார். மிச்ச நாளில் ரிப்போர்ட், வராத பாக்கிக்குப் பதில், ஆளை எடுப்பது, ஆளை அனுப்புவது. டிரம் பக்கம் போக நேரமிருக்காது.

பெண் பார்க்கிற விஷயத்தையும் மறைக்காமல் சொன்னீர்கள். ஜாதகத்தோடு போகிற பயோடேட்டாவில் "சேல்ஸ்" என்று இருந்தால் பைக்கில் சுற்றுகிற வேலை என்று நினைப்பார்கள், "மேனேஜர்" என்றால் மரியாதை. நியாயம்தான். அதற்காக ஐந்து பேரை மேய்க்க வேண்டுமா என்பதுதான் என் கேள்வி. பெரிய ஷூ கம்பெனிகளின் கணக்கை மட்டும் பார்க்கும் கீ அக்கவுன்ட் மேனேஜர் வேலை பல கெமிக்கல் கம்பெனிகளில் உண்டு. கீழே ஆள் கிடையாது, கார்டில் மேனேஜர் என்று இருக்கும், டிரம்மும் கைவிட்டுப் போகாது. தம்பியின் கம்பெனியில் அப்படி ஒரு பதவி இருக்கிறதா என்று முதலில் விசாரிக்கட்டும்.

அதற்காக அவர் பக்கமே முழுக்கச் சாய்ந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். "எனக்கு விக்கத்தான் பிடிக்கும்" என்பதில் கொஞ்சம் பயமும் கலந்திருக்கிறது. தன் வயதுக்கு மூத்தவர்களை வேலை வாங்கத் தயங்குகிறார், அதைக் கேட்டபோது கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். முப்பதில் கம்பெனி கம்பெனியாக பைக்கில் அலையலாம். ஐம்பதில் முதுகு ஒத்துழைக்காது. ஏற்றுமதி ஆர்டர் குறைந்து டேனரிகள் டிரம்மை நிறுத்தும் காலம் வந்தால் இன்சென்டிவ் முதலில் அடிபடும். ஆகவே "வேண்டாம்" என்று ஒரே வார்த்தையில் முடிக்காமல், "ஆறு மாதம் அந்த ராணிப்பேட்டைப் பையனை என்னிடம் விடுங்கள், அவன் நம்பரையும் என் நம்பரோடு சேர்த்துப் பாருங்கள்" என்று எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள். நல்ல கம்பெனி மறுக்காது. மறுத்தால், இப்போதைக்கு விற்பனையிலேயே இருக்கட்டும் என்பது என் யோசனை.

ஏஜென்சி எடுத்துச் சொந்தமாகப் பண்ணலாமா என்று கிளம்பும்போது கேட்டீர்கள். இப்போது வேண்டாம். கடனுக்குப் போகும் சரக்கு அது. இரண்டு பார்ட்டி பணத்தை நிறுத்தினால் வீட்டுப் பத்திரம்தான் வெளியே வரும்.

பத்தாம் தேதிக்குள் கம்பெனிக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று தம்பி சொன்னாரே, அதற்கு முந்தின சனிக்கிழமை நான்கு மணிக்கு மேல் வாருங்கள். கடைசி எட்டு இன்சென்டிவ் ஸ்டேட்மென்டும் அப்பாயின்ட்மென்ட் ஆர்டரும் கையில் இருக்கட்டும். முடிந்தால் அவர் அம்மாவும் வரட்டும். தம்பி வாரத்தில் எத்தனை ராத்திரி வீட்டில் சாப்பிடுகிறார் என்று நான் கேட்டபோது உங்கள் இரண்டு பேருக்குமே சரியாகச் சொல்லத் தெரியவில்லை.