உள்வட்டம் உருளவில்லை, இழுபடுகிறது

ஒரே அச்சில் ஒட்டிய பெரிய வட்டமும் அதனுள் இருக்கும் சிறிய வட்டமும் ஒரு சுற்றில் ஒரே தூரம் போகின்றனவே, அப்போது சுற்றளவும் சமமா என்று கேட்டிருந்தீர்கள். நல்ல கேள்வி. பிழை இருப்பது ‘இரண்டும் உருள்கின்றன’ என்பதில்.

பெரியதன் ஆரம் 10 செ.மீ., சிறியது 5 என்று வையுங்கள். பெரியது தரையில் உருள, ஒரு சுற்றில் அச்சு சுமார் 62.8 செ.மீ. நகரும். சிறியதன் சுற்றளவு 31.4 தான்; மீதி தூரத்தை அது சறுக்கியே கடக்கிறது. இரண்டு டப்பா மூடிகளை ஒட்டி, அதனதன் விளிம்பு உரச ஒவ்வொரு அட்டை வைத்து உருட்டுங்கள். பெரிய விளிம்பின் மைப்புள்ளி புள்ளியாகவே பதியும். சின்னதில் வைத்த மை முன்பக்கமாக இழுபட்டுக் கோடாகும்.

அப்புறம், பெரிய வட்டத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் சிறியதில் ஒரு புள்ளி ஜோடி சேர்வது உண்மைதான். அதனால் நீளம் சமமாகிவிடாது. 1638-இல் கலிலியோ இதையே வட்டங்களுக்குப் பதில் ஒன்றுக்குள் ஒன்றான அறுகோணங்களை வைத்துப் பார்த்தார்: உள் அறுகோணம் இடைவெளி விட்டுத் தாவும். அதை வரைந்து பாருங்கள், சட்டென்று பிடிபடும்.