ஃப்ரோசன் கஸ்டர்ட் என்றால் என்ன? அமெரிக்காவின் டெட் ட்ரூஸ் கடைக்கு ஏன் இவ்வளவு புகழ்?

பால், க்ரீம், சர்க்கரையோடு முட்டை மஞ்சள் கருவும் சேர்ந்த ஐஸ்கிரீம்தான் ஃப்ரோசன் கஸ்டர்ட். அமெரிக்க விதிப்படி மஞ்சள் கருவின் திடப்பொருள் குறைந்தது 1.4 சதவீதம் இருக்க வேண்டும். அந்தக் கரு தண்ணீரையும் கொழுப்பையும் பிரியவிடாமல் பிடித்துக்கொள்வதால் வழவழப்பு வருகிறது. இன்னொரு காரணம், இதில் காற்று குறைவு. நுரை பொங்க ஆற்றிய காபியில் டம்ளர் நிறைந்திருந்தாலும் குடிக்கக் கொஞ்சம்தான் இருக்கும் இல்லையா? காற்று அதிகம் அடித்த ஐஸ்கிரீமும் அப்படித்தான்.

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் இருக்கும் டெட் ட்ரூஸ் கடை இதற்கு நல்ல உதாரணம். டென்னிஸ் வீரரான டெட் ட்ரூஸ் 1929-இல் ஃப்ளோரிடாவில் முதல் கடையைத் திறந்தார். அடுத்த வருடமே செயின்ட் லூயிஸுக்கு வந்துவிட்டார். 1941-இல் சிப்பெவா தெருவில் ஒரு கடை. அமெரிக்காவின் புகழ்பெற்ற ரூட் 66 நெடுஞ்சாலை அந்த வழியாகத்தான் போனது, கூட்டத்துக்குக் கேட்க வேண்டுமா! 1959-இல் 'கான்க்ரீட்' என்ற கெட்டியான மில்க்‌ஷேக் வந்தது. கஸ்டர்டை அவ்வளவு கெட்டியாக அடித்து, கோப்பையை ஸ்பூனோடு தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டிவிட்டுத்தான் கையில் கொடுப்பார்கள். ஒரு சொட்டு விழாது. அப்பாவுக்குப் பிறகு மகன், அப்புறம் மருமகன் என்று கடை குடும்பத்திலேயே இருக்கிறது. டிசம்பரில் அங்கேயே கிறிஸ்துமஸ் மரமும் விற்கிறார்கள். ஊரெங்கும் கிளை பரப்பாமல் கடையைத் தங்கள் கையிலேயே வைத்துக்கொண்டதுதான் அவர்களுடைய பெரிய பலம் என்பேன்.

நம் வீட்டில் கஸ்டர்ட் பவுடர் கலந்து செய்வதை ஃப்ரீசரில் வைத்தால் இது வந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அந்தப் பவுடர் பெரும்பாலும் சோள மாவுதான், அதில் முட்டையே கிடையாது.