மும்பையில் மலையேற்றக் குழுவில் சேர்வது: எதைப் பார்த்து முடிவு செய்யலாம்?

கேள்வி: முலுண்டில் இருக்கிறோம். எனக்கு 41 வயது, கணவருக்கு 46, மகளுக்கு 13. மூவருக்கும் மலையேறிப் பழக்கமில்லை. கணவர் பிபி மாத்திரை சாப்பிடுகிறார். ஜூலையில் கல்சுபாய் போகும் ஒரு குழுவில் தலைக்கு 1,299 ரூபாய் கேட்கிறார்கள், பஸ், சாப்பாடு எல்லாம் சேர்த்து. பக்கத்து பில்டிங்காரர் ஒருவரோ, பழைய மலையேற்றச் சங்கம் ஒன்றில் சேருங்கள், செலவு பாதிதான் ஆகும் என்கிறார். எங்களுக்கு மராத்தி சுமார்தான். எதில் சேரலாம்?

பதில்: ஜூலைக் கல்சுபாயை விட்டுவிடுங்கள். சங்கத்தில் சேருங்கள், ஆனால் சில விஷயங்களைக் கேட்டுத் தெரிந்துகொண்டு சேருங்கள்.

கல்சுபாய் 1,646 மீட்டர், மகாராஷ்டிராவின் மிக உயர்ந்த சிகரம். பாரி கிராமத்திலிருந்து ஏற வேண்டும். 800 மீட்டருக்கு மேல் ஏற்றம் உண்டு. செங்குத்தான இடங்களில் இரும்பு ஏணி போட்டிருப்பதால் உங்களால் ஏறவே முடியாத மலை என்று சொல்லமாட்டோம். சிக்கல், அந்தப் பயணம் அமையும் விதத்தில் இருக்கிறது. இரவு பஸ் ஏறி, உட்கார்ந்தபடியே அரைத்தூக்கம் தூங்கி, விடிவதற்குள் ஏறத் தொடங்குவார்கள். ஜூலை ஞாயிற்றுக்கிழமைகளில் ஏணிகளின் அடியில் வரிசை நிற்கும். ஏறும்போது வியர்த்த உடம்பு, மழையிலும் மேட்டுக் காற்றிலும் அசையாமல் நிற்கும்போது நடுங்க ஆரம்பிக்கும். தூக்கம் கெட்ட கால் இறங்கும்போதுதான் வழுக்கும்.

மலையில் நேரம் போட ஒரு பழைய கணக்கு உண்டு. 5 கிலோமீட்டர் நடைக்கு 1 மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். இது பழகிய ஆள் தனியாக நடப்பதற்கான கணக்கு. நாற்பது பேர் கொண்ட புதுக் கூட்டத்துக்கு அதை இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள். குழு தரும் நேர அட்டவணையை இந்தக் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்தால், அது யோசித்துப் போட்டதா, சும்மா எழுதியதா என்று உடனே தெரியும்.

இப்போது பணத்துக்கு வருவோம், ஏனென்றால் பாதுகாப்பும் அதில்தான் தொங்குகிறது. இருபது பேர் வந்தாலும் நாற்பத்தைந்து பேர் வந்தாலும் பஸ் வாடகை ஒன்றுதான். ஆகவே பஸ் பிடிக்கும் அமைப்பாளருக்கு இருக்கை நிரம்பியாக வேண்டும். வானிலைத் துறை சிவப்பு எச்சரிக்கை விட்டுப் பயணம் ரத்தானால் அவருடைய முன்பணம் போய்விடும். "போய்ப் பார்ப்போம், அங்கே மழை இருக்காது" என்ற பேச்சு அங்கிருந்துதான் பிறக்கிறது. லோக்கல் ரயிலில் போகும் சங்கத்துக்கு இந்த நெருக்கடி இல்லை. ரயில் டிக்கெட், ஷேர் ஆட்டோ அல்லது ஜீப், கிராமத்து வீட்டில் சாப்பாடு என்று செலவை வந்தவர்கள் பங்கு போட்டுக்கொள்வார்கள். லீடர்கள் பெரும்பாலும் சம்பளமில்லாத தன்னார்வலர்கள். கர்ஜத் ஸ்டேஷனில் இறங்கியதும் வானத்தைப் பார்த்துவிட்டு, டீ குடித்துத் திரும்பிவந்தாலும் யாருக்கும் பெரிய நஷ்டமில்லை. எந்தக் குழுவையும் நீங்கள் எடைபோட வேண்டியது இந்த ஒரு விஷயத்தை வைத்துத்தான்: பாதியில் திரும்பினால் நஷ்டம் யாருக்கு?

சங்கத்திலும் குறை உண்டு. பழைய உறுப்பினர்கள் வேகமாக நடப்பார்கள், புதியவர்களுக்காகக் காத்திருக்கச் சிலருக்குப் பொறுமை இருக்காது. அதிகம் பேர் போகாத வழியைத் தேடிப் போகும் ஆசையும் அவர்களுக்கு உண்டு. அதனால் "புதியவர்களுக்கான ட்ரெக் எப்போது?" என்று கேட்டு அதிலேயே சேருங்கள். பொறுப்பாக நடத்தும் கட்டணக் குழுக்களும் மும்பையில் இருக்கின்றன. பஸ் வீட்டுப் பக்கமே வந்து ஏற்றிக்கொள்வது, குழந்தையோடு போகிறவர்களுக்குப் பெரிய வசதிதான். இன்னும் பரவலான அமைப்பு வேண்டுமென்றால் இந்திய இளைஞர் விடுதிகள் சங்கமும் இருக்கிறது. பெயரில் இளைஞர் என்று இருந்தாலும் எல்லா வயதினரும் சேரலாம்.

பணம் கட்டும் முன் போனில் கேளுங்கள்: மொத்தம் எத்தனை பேர், எத்தனை லீடர்கள்? புதியவர்கள் உள்ள குழுவில் பத்துப் பேருக்கு ஒரு லீடர் இருக்க வேண்டும் என்பது எங்கள் எதிர்பார்ப்பு. அதற்குக் குறைந்தால் போகாதீர்கள். கடைசியில் நடந்துவருபவர் யார்? இந்தக் கேள்விக்குத் தயங்காமல் ஒரு பெயர் வர வேண்டும். மலையேற்றத்தில் முன்னால் போகிறவரைவிட, எல்லோருக்கும் பின்னால் வந்து ஆட்களை எண்ணுகிறவர்தான் முக்கியம், அவரைக் குழுவில் 'ஸ்வீப்' என்பார்கள். லீடர்களில் யாராவது உத்தரகாசி, டார்ஜிலிங், மணாலி போன்ற இடங்களில் உள்ள பயிற்சி நிலையங்களில் அடிப்படைப் பயிற்சி முடித்திருக்கிறார்களா, முதலுதவி கற்றிருக்கிறார்களா? எத்தனை மணிக்குள் உச்சியை அடையாவிட்டால் திரும்புவார்கள்? மழையால் ரத்தானால் பணம் திரும்பக் கிடைக்குமா? விபத்துக் காப்பீடு உண்டா? 13 வயதுப் பெண் வருவதற்கு என்ன விதி? மகாராஷ்டிரா அரசு 2021-ல் சாகசச் சுற்றுலாக் கொள்கை கொண்டுவந்தது. அதன்படி இப்படிப் பயணம் நடத்துகிறவர்கள் சுற்றுலா இயக்ககத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும். பதிவு இருக்கிறதா என்று கேட்பதில் கூச்சப்படாதீர்கள். நல்ல குழு இத்தனை கேள்வி கேட்டாலும் கோபப்படாது. "எல்லாம் நாங்க பாத்துக்கறோம் மேடம்" என்று மட்டும் பதில் வந்தால் வேறு குழு பாருங்கள்.

சங்கத்தில் சேரும்போது ரத்த வகை, அவசரத் தொடர்பு எண், உடல்நிலை கேட்டு ஒரு படிவம் தருவார்கள். அதில் பிபியை மறைக்காதீர்கள். கணவர் டாக்டரிடம் மாத்திரையின் பெயரைச் சொல்லி இரண்டு விஷயம் கேட்கட்டும். சிறுநீரைக் கூட்டும் வகை மாத்திரையாக இருந்தால் வெயிலில் உடம்பு சீக்கிரம் நீர் வற்றும். இதயத் துடிப்பைக் குறைக்கும் வகையாக இருந்தால் கைக்கடிகாரம் காட்டும் நாடித் துடிப்பை நம்பி வேகத்தை முடிவு செய்யக் கூடாது. பேசிக்கொண்டே நடக்க முடிகிறதா என்று பார்ப்பதுதான் அவருக்கு நம்பகமான அளவு. மலைக்குப் போகும் நாளில் தானாக மாத்திரையை நிறுத்துவது கூடவே கூடாது.

எந்த மலையில் தொடங்குவது? ஜூலையில் போரிவலி சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவின் வாசலிலிருந்து கான்ஹேரி குகை வரை தார்ச்சாலையில் நடந்து, குகைப் படிகளில் ஏறி இறங்கி வாருங்கள். மழையிலும் பயமில்லாத வழி, மூவரின் காலும் எப்படி என்று தெரிந்துவிடும். முதல் மலையை செப்டம்பர் கடைசிக்கோ அக்டோபருக்கோ வைத்துக்கொள்ளுங்கள். அப்போது மழை ஓய்ந்து மலையெல்லாம் மஞ்சள் சோன்கி பூத்திருக்கும். பன்வேலுக்கு அப்பால் கோவா நெடுஞ்சாலையில் உள்ள கர்நாளா கோட்டை நல்ல தொடக்கம். பறவைகள் சரணாலயக் காட்டுக்குள் நிழலாகப் போகும் பாதை, அரை நாளில் முடிந்துவிடும். கோட்டைக்கு மேலே நிற்கும் பாறைத் தூண் கயிறு போட்டு ஏறுகிறவர்களுக்கானது, நீங்கள் தூணின் அடியோடு நின்றுவிடுங்கள். அந்தப் பாறையில் மலைத்தேனீக் கூடுகள் உண்டு. சென்ட் போடாமல் போங்கள், அங்கே கத்தாதீர்கள், யாரையும் புகைக்க விடாதீர்கள். இரண்டாவதாக, கர்ஜத் பக்கம் ஆம்பிவலி கிராமத்திலிருந்து ஏறும் கோத்தளிகட் கோட்டை. பேட் என்று கேட்டாலும் சொல்வார்கள். பாதி வழி மெதுவாக ஏறும் அகலமான பாதை, உச்சியில் பாறையின் உள்ளே குடைந்த படிக்கட்டு. உங்கள் மகளுக்கு அது ரொம்பப் பிடிக்கும்.

போனில் சுற்றிவரும் வீடியோக்களில் பார்த்த கலாவந்தீன், ஹரிஹர் மலைகள் இரண்டையும் இந்த வருடம் தொடாதீர்கள். கைப்பிடியில்லாத செங்குத்துப் படி, மேலிருந்து இறங்குகிறவரும் கீழிருந்து ஏறுகிறவரும் ஒரே படியில் சந்திக்க வேண்டியிருக்கும். அந்தர்பன் என்ற பாதையைப் போல, ஒரு பக்கம் தொடங்கி மறுபக்கம் இறங்கும் நீண்ட காட்டு வழியும் மழையில் வேண்டாம். பாதி தாண்டிவிட்டால் திரும்புவதும் போவதும் ஒரே தூரமாகிவிடும், நடுவில் ஓடைகள் வேறு.

ஓடையைப் பற்றி ஒரு வார்த்தை. நீங்கள் நிற்கும் இடத்தில் வெயிலடித்தாலும் மேலே மலையில் பெய்தால் ஓடை பெருகும். தெளிந்த தண்ணீர் கலங்கி, சருகும் குச்சியும் மிதந்துவந்தால் உடனே கரையேறி மேட்டுக்குப் போங்கள். முழங்காலுக்கு மேல் வேகமாக ஓடும் தண்ணீரைக் கயிறு பிடித்தும் கடக்காதீர்கள். குழு கடந்தாலும் நீங்கள் நில்லுங்கள். சின்ன ஓடை பெரும்பாலும் மழை விட்ட ஓரிரு மணி நேரத்தில் வடிந்துவிடும். எச்சரிக்கை பார்க்கும்போது மும்பைக்கு என்ன நிறம் என்று பார்த்துப் பயனில்லை. மலை இருக்கும் மாவட்டத்துக்கு, ராய்கடுக்கோ புணே மலைப்பகுதிக்கோ, என்ன நிறம் என்று பாருங்கள். மழைக்காலத்தில் அருவிப் பக்கம் போக மாவட்ட நிர்வாகம் தடை போடுவதும் உண்டு. போலீஸ் பாதி வழியில் திருப்பி அனுப்புவார்கள்.

தயாராவதற்கு ஜிம் தேவையில்லை, பில்டிங் படிக்கட்டே போதும். ஒரு மாடி சுமார் 3 மீட்டர். பத்து மாடியை ஐந்து முறை ஏறினால் 150 மீட்டர். வாரம் மூன்று நாள், முதுகுப்பையில் 3 லிட்டர் தண்ணீர் வைத்துக்கொண்டு ஏறுங்கள். ஆறு வாரத்தில் பத்து முறைக்குக் கொண்டுவந்தால் கர்நாளாவுக்குத் தாராளம். இறங்கும்போது லிஃப்டில் வராதீர்கள். மறுநாள் தொடை பிடித்துக்கொள்வதெல்லாம் இறங்கிப் பழகாததால்தான்.

ஷூவில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். நம் மலைகள் பசால்ட் என்ற எரிமலைக் கருங்கல். மழையில் பாசி பிடித்து வழுக்கும், மழை போனபின் பொடிக்கல் உருண்டு வழுக்கும். ஓட்டத்துக்கான மெத்தென்ற ஷூ இரண்டிலும் பிடிக்காது. அடியில் ஆழமான பற்கள் உள்ள, வளைந்துகொடுக்கும் ரப்பர் அடி வேண்டும், பெரிய விலை வேண்டாம். பழைய ட்ரெக்கிங் ஷூ வீட்டில் இருந்தால் போடும் முன் அடியைக் கையால் முறுக்கிப் பாருங்கள். மும்பை ஈரத்தில் இரண்டு மூன்று வருடம் அலமாரியில் சும்மா கிடந்த ஷூவின் நுரை நடு அடி உளுத்துப்போயிருக்கலாம். பார்க்கப் புதிதாக இருக்கும், ஆனால் நடுமலையில் அடி மொத்தமாகக் கழன்று வரலாம். பையில் இரண்டு மீட்டர் தடித்த கயிறு வைத்திருந்தால் சுற்றிக் கட்டி இறங்கிவிடலாம். புது ஷூவானால் இரண்டு வாரம் போட்டு நடந்து பழக்குங்கள். கால் நகத்தை முந்தின நாள் வெட்டுங்கள், இல்லாவிட்டால் இறக்கத்தில் கட்டைவிரல் நகம் கறுத்துவிடும். ஜீன்ஸ் நனைந்தால் முழங்காலை மடக்க விடாது. தலைவழியே போர்த்திக்கொள்ளும் பான்சோவைவிட ரெயின்கோட் நல்லது. மேட்டில் காற்றடித்தால் பான்சோ எழும்பி, கால் வைக்கும் இடத்தை மறைக்கும்.

தலைக்கு 3 லிட்டர் தண்ணீர். ஓஆர்எஸ் பெரிய பாக்கெட் 1 லிட்டருக்கானது. அதை அரை லிட்டர் பாட்டிலில் கொட்டினால் உப்பு கூடி வயிறு கெடும். டெட்ரா பேக்கில் வரும் இனிப்புப் பானம் அதற்கு மாற்றாகாது. சாப்பாட்டுக்குப் புளியோதரை அல்லது மிளகாய்ப்பொடி தடவிய இட்லி, கூடக் கடலை மிட்டாய். தயிர் சாதம் வெயிலில் புளித்துவிடும், விட்டுவிடுங்கள். பகல் ட்ரெக்காக இருந்தாலும் ஆளுக்கொரு தலைவிளக்கு. போன் டார்ச் பிடித்தால் ஒரு கை போய்விடும், போன் சார்ஜும் போய்விடும்.

நடக்கும்போது லீடரைத் தாண்டாதீர்கள், ஸ்வீப்புக்குப் பின்னால் தங்காதீர்கள். ஒதுங்கப் போக வேண்டியிருந்தால் பக்கத்தில் ஒருவரிடம் சொல்லிவிட்டு, முதுகுப்பையைப் பாதையோரமாக வைத்துவிட்டுப் போங்கள். பையைப் பார்த்ததும் ஸ்வீப் நின்றுவிடுவார். எண்ணிக்கை தவறி ஆள் தொலைவது பெரும்பாலும் இப்படி ஒதுங்கிய நேரத்தில்தான். பாறையில் இரண்டு கை, இரண்டு கால் நான்கில் மூன்று எப்போதும் பிடிப்பில் இருக்கட்டும். இறக்கத்தில் பயந்து பின்னால் சாயாதீர்கள். சாய்ந்தால் பாதத்தின் மேல் எடை விழாது, கால் முன்னால் சறுக்கும். முழங்காலை லேசாக மடக்கி, முழுப் பாதமும் பதியுங்கள். உங்கள் காலால் கல் உருண்டால், சின்னதாக இருந்தாலும், கீழே இருப்பவர்களுக்குச் சத்தமாகக் குரல் கொடுங்கள்.

மராத்தி தடையாக இருக்காது. மும்பைக் குழுக்களில் இந்தியும் கலந்துதான் பேசுவார்கள். கிராமத்து வழிகாட்டியை எல்லோரும் 'மாமா' என்றே கூப்பிடுவார்கள், நீங்களும் அப்படியே கூப்பிடலாம். ஆனால் லீடர் மராத்தியில் அறிவிப்புச் சொல்லி முடித்ததும், புரியாவிட்டால் தலையாட்டிவிட்டு நகராதீர்கள், இந்தியில் திரும்பச் சொல்லச் சொல்லுங்கள்.

கர்ஜத், கசாரா ஃபாஸ்ட் லோக்கல்களில் சில முலுண்டில் நிற்காது, தாணேயில் ஏறுவது நிச்சயம். கர்நாளாவுக்கும் தாணேயிலிருந்தே பன்வேல் லோக்கல் இருக்கிறது. மாதப் பாஸ் அதில் எழுதிய ஸ்டேஷன் வரைதான் செல்லும், அதற்கு மேல் தனி டிக்கெட் எடுங்கள். ஞாயிற்றுக்கிழமை மெகா பிளாக் (பராமரிப்புக்காக ரயில்களை நிறுத்துவது) எந்தத் தடத்தில் என்று சனிக்கிழமையே பாருங்கள். கல்யாணைத் தாண்டினால் ரயில்கள் குறைவு, ஒன்றை விட்டால் காத்திருப்பு நீளும். அவசரத்துக்கு 112. மலையில் சிக்கியவர்களை மீட்க மகாராஷ்டிரா மவுண்டனியர்ஸ் ரெஸ்க்யூ கோஆர்டினேஷன் சென்டர் இருக்கிறது. அதன் எண்ணைக் கிளம்பும் முன்பே லீடரிடம் வாங்கி மூவர் போனிலும் பதிந்துகொள்ளுங்கள், பள்ளத்தாக்கில் இறங்கியபின் சிக்னல் கிடைக்காது. போகும் மலை, அடிவாரக் கிராமம், லீடர் எண், வீடு திரும்பும் நேரம் நான்கையும் பக்கத்து பில்டிங்காரருக்கு ஒரு மெசேஜாக அனுப்பிவிட்டு, எத்தனை மணிக்குள் உங்களிடமிருந்து தகவல் வராவிட்டால் லீடரை அழைக்க வேண்டும் என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள்.