அந்தத் தாயார் எடுத்துவைத்த பை: ஒரு கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய எழுத்தாளர் அவர்களுக்கு,

வணக்கம். பயிற்சி முடித்துக் காவல் பணியில் சேர்ந்து மூன்று வாரங்கள் ஆகின்றன. முதல் நாளே, சாலை விபத்தில் இறந்துபோன ஓர் இளைஞரின் வீட்டுக்குத் தகவல் சொல்ல ஏட்டையாவுடன் என்னையும் அனுப்பினார்கள். வீட்டை அடைந்தபோது அவருக்குத் தொலைபேசி அழைப்பு வந்தது. அவர் ஜீப்பருகே நின்று பேசிக்கொண்டிருக்க, நான் போய்க் கதவைத் தட்டினேன். திறந்தவர் அந்த இளைஞரின் தாயார். "உங்க மகனுக்கு அடிபட்டிருக்கும்மா" என்றுதான் எனக்குச் சொல்ல வந்தது. "எந்த ஆஸ்பத்திரி?" என்று கேட்டுக்கொண்டே அவர் உள்ளே சென்று, மகனுடைய மாற்றுத் துணியையும் ஒரு போர்வையையும் பையில் எடுத்துவைக்கத் தொடங்கிவிட்டார். நான் வாயடைத்து நின்றேன். ஏட்டையா வந்துதான் உண்மையைச் சொன்னார். திரும்பும் வழியில் அழுதுவிட்டேன். "போகப் போக மரத்துப் போயிடும் தம்பி" என்று நிலையத்தில் எல்லோரும் தேற்றினார்கள். எனக்கோ அந்தப் பை கண்ணை விட்டு அகலவில்லை. நான் இந்த வேலைக்குத் தகுதியானவன்தானா? அந்த அம்மாவைப் பார்த்து மன்னிப்புக் கேட்கலாமா?

பெயர் வெளியிட விரும்பாத ஒரு காவலர்

அன்புள்ள நண்பருக்கு,

தகுதியைப் பற்றிய கேள்வியை முதலில் முடித்துவிடலாம். 1829 செப்டம்பர் 29 அன்று லண்டன் பெருநகரக் காவல் படை பணியைத் தொடங்கியபோது, முதலாம் எண் வழங்கப்பட்ட காவலர் குடித்திருந்த குற்றத்துக்காக அன்றைக்கே வேலையிலிருந்து நீக்கப்பட்டார். முதல் நாளிலேயே தகுதி இழப்பது என்றால் அதுதான். ஜீப்பில் அழுவது அந்தக் கணக்கில் வராது.

ஆனால், உங்கள் கடிதம் உண்மையில் அழுகையைப் பற்றியது அன்று. அந்தப் பையைப் பற்றியது. அது உங்கள் கண்ணை விட்டு அகலாததில் நியாயம் இருக்கிறது என்றே நினைக்கிறேன். "அடிபட்டிருக்கு" என்ற சொல்லை அந்த அம்மாவின் மனம் நோகாமல் இருப்பதற்காகச் சொன்னதாக நீங்கள் நம்பியிருக்கலாம். அது உங்களைக் காத்துக்கொள்ள வந்த சொல். அடிபட்ட மகனுக்குத் தாய் செய்யவேண்டிய வேலைகள் இருக்கின்றன. அவர் உடனே அவற்றைச் செய்யத் தொடங்கினார். நீங்கள் நின்ற அந்தச் சில நிமிடங்களில் அவருடைய மகன் மீண்டும் உயிரோடு இருந்தான், போர்வை தேவைப்படும் நிலையில் இருந்தான். ஏட்டையா வந்து சொன்னபோது, அந்த அம்மா அந்த இடத்திலிருந்து விழவேண்டியிருந்தது.

இதைக் கடுமையாகச் சொல்வதற்கு மன்னியுங்கள். நம் மொழியும் இந்த விஷயத்தில் உங்களுக்கு எதிராகவே வேலை செய்கிறது. காலமானார், இயற்கை எய்தினார், இறைவனடி சேர்ந்தார் என்று இறப்புக்கு நம்மிடம் எத்தனையோ மங்கல வழக்குகள் உண்டு. அவையெல்லாம் செய்தி தெரிந்துவிட்ட பிறகு புழங்குவதற்கானவை. முதன்முதலாகக் கேட்பவரிடம் "தவறிட்டார்" என்றால் எதைத் தவறவிட்டார் என்றும், "போயிட்டார்" என்றால் எங்கே போனார் என்றும் கேட்கக்கூடும். இறப்பை ஏற்க மறுக்கும் மனம் எந்த இரட்டைப் பொருளையும் பிடித்துக்கொள்ளும். ஆகவே பெயரைச் சொல்லி, "இறந்துவிட்டார்" என்று சொல்வதே இரக்கமான வழி.

மோசமான செய்தியை நோயாளியிடம் சொல்வதற்கு, புற்றுநோய் மருத்துவர்கள் 2000ஆம் ஆண்டில் 'ஸ்பைக்ஸ்' என்ற ஆறு படிகளை வகுத்து வெளியிட்டார்கள். தனிமையான இடத்தில் அமரவைப்பது, அவருக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று அறிவது, எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று கேட்பது, அதன் பிறகு செய்தியைச் சொல்வது என்று அது நகர்கிறது. உங்கள் வேலைக்கு இதில் பெரும்பகுதி பொருந்தும். மூன்றாவது படி மட்டும் பொருந்தாது. மருத்துவரின் எதிரில் இருப்பவர் ஏதோ ஒன்றைக் கேட்கத்தான் வந்திருக்கிறார். நீங்கள் தட்டும் கதவுக்குப் பின்னால் இருப்பவர் எதற்கும் காத்திருக்கவில்லை. அதனால்தான் இந்தப் பணிக்கு இருவரை அனுப்புகிறார்கள். ஏட்டையா பேசி முடிக்கும்வரை நீங்கள் கதவைத் தட்டாமல் இருந்திருக்கலாம். உங்கள் தரப்பில் நடைமுறைத் தவறு என்று ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

பல ஆண்டுகளுக்கு முன் என் அண்ணன் இறந்த செய்தியைக் கொண்டுவந்தவரும் ஒரு காவலர்தான். தொப்பியைக் கழற்றி அக்குளில் இடுக்கியிருந்தார். அதன் உள்பட்டை வியர்வையில் கறுத்திருந்தது என்பது இன்றும் எனக்கு நினைவிருக்கிறது. அண்ணனின் முழுப்பெயரைச் சொல்லி, அவருக்கு நான் என்ன உறவு என்று கேட்டார். உட்காரச் சொன்னார். "கெட்ட செய்தி கொண்டுவந்திருக்கிறேன்" என்றவர், ஒரு மூச்சு விட்டு, "உங்கள் அண்ணன் இறந்துவிட்டார்" என்றார். அதற்குப் பிறகு அவராக எதுவும் பேசவில்லை. நான் ஏதேதோ கேட்டிருக்கிறேன், அவர் பதில் சொல்லியிருக்கிறார். ஒன்றும் என் காதில் ஏறவில்லை. அது அவருக்குத் தெரிந்திருக்கவேண்டும். குறிப்பேட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, உடல் இருக்கும் இடம், யாரைப் பார்க்கவேண்டும், தொலைபேசி எண் ஆகியவற்றைப் பெரிய எழுத்தில் எழுதி என் சட்டைப்பையில் வைத்துவிட்டு, பக்கத்து வீட்டுக்காரர் வரும்வரை நின்றிருந்தார். மறுநாள் காலையில்தான் அந்தத் தாளைப் படித்தேன்.

அவர் மரத்துப் போனவராக எனக்குத் தோன்றவில்லை. பழக்கப்பட்டவராகத் தோன்றினார், இரண்டும் வேறு. ஜான் வான் மானென் என்ற ஆய்வாளர், 1970ஐ ஒட்டிய ஆண்டுகளில், அமெரிக்க நகரம் ஒன்றின் காவல் பயிற்சிப் பள்ளியில் தாமும் சேர்ந்து, புதியவர்கள் எப்படிக் காவலர்கள் ஆகிறார்கள் என்று பார்த்து எழுதினார். பள்ளியில் படித்ததை விட, உடன் அனுப்பப்படும் மூத்தவரைப் பார்த்தே அவர்கள் தொழிலைக் கற்கிறார்கள், சேரும்போது இருந்த முனைப்பு முதல் சில மாதங்களிலேயே வேகமாக வடிந்துவிடுகிறது என்பவை அவர் கண்டவை. "மரத்துப் போயிடும்" என்று தேற்றியவர்கள் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார்கள். அவர்களுக்கும் யாரோ ஒருவர் முதல் வாரத்தில் சொன்னதாக இருக்கும். அதை வாங்கிக்கொள்ளவேண்டியதில்லை.

உங்கள் கடிதத்தில் ஒரு விடுபடல் இருக்கிறது. நீங்கள் சொன்னதைச் சொல் மாறாமல் எழுதியிருக்கிறீர்கள். ஏட்டையா "உண்மையைச் சொன்னார்" என்பதோடு நிறுத்திவிட்டீர்கள். எப்படிச் சொன்னார்? பையை எடுத்துவைத்துக்கொண்டிருந்தவரை எப்படி நிறுத்தினார்? எங்கே நின்று சொன்னார்? பக்கத்தில் இருந்தும் உங்களுக்கு அது கேட்கவில்லை. என் அண்ணன் விஷயத்தில் எனக்குக் கேட்காததைப் போல. அவரிடமே கேளுங்கள்.

மன்னிப்புக் கேட்கப் போகவேண்டாம் என்பது என் கருத்து. இப்போது போனால் உங்களைத் தேற்றும் வேலையையும் அந்த அம்மாவே செய்யவேண்டியிருக்கும். இறந்தவருடைய கைப்பேசி, கடிகாரம், பணப்பை போன்றவை விசாரணைக்குப் பிறகு வீட்டாரிடம் ஒப்படைக்கப்படவேண்டியவை அல்லவா? அந்த நாள் வரும்போது, அவற்றைக் கொண்டுபோக நீங்களே முன்வாருங்கள். பட்டியலைப் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள், அவசரப்படாமல் நில்லுங்கள். அன்றைக்கு ஏன் அப்படிச் சொன்னாய் என்று அவர் கேட்டால், "எனக்குச் சொல்லத் தெரியவில்லை அம்மா" என்று சொல்லுங்கள். கேட்காவிட்டால் விட்டுவிடுங்கள்.

அன்புடன்.