பெயருக்குச் சொல்லும் கலிமா

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் மகளுக்கு 26 வயது, வவுனியாவில் வேலை. கூட வேலை செய்யும் முஸ்லிம் பையனைத்தான் கட்டுவேன் என்று நிற்கிறாள். பையன் நல்லவன், நானும் கதைத்துப் பார்த்தேன். ஆனால் நிக்காஹ்வுக்கு முதல் அவள் இஸ்லாத்தை ஏற்கும் கலிமாவைச் சொல்ல வேண்டும், பெயர் மாற்ற வேண்டும் என்கிறார்கள். "பெயருக்குத்தானே, ஐந்து நிமிட வேலை" என்கிறார் பையனின் மாமா. மார்க்கத்தில் கட்டாயம் இல்லை என்று குர்ஆனில் இருப்பதாக நீங்களே இந்தப் பகுதியில் எழுதினீர்கள். இது கட்டாயம் இல்லாமல் வேறென்ன? அவள் மாறினால் நான் உயிரோடு இருக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.
— ஒரு தாய், கோண்டாவில்

பதில்: தங்கச்சி, உங்கள் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். அந்த வசனம் எப்போது இறங்கியது என்பதை முதலில் சொல்கிறேன். அது உங்களைப் போன்ற தாய்மாரின் கதையோடு வந்த வசனம்.

இஸ்லாம் வருவதற்கு முன்பு மதீனாவில் பிள்ளை தங்காத பெண்கள் ஒரு நேர்த்தி வைப்பார்கள்: இந்தப் பிள்ளை தப்பினால் யூதனாக வளர்க்கிறேன் என்று. அப்படி வளர்ந்த பிள்ளைகள் பனூ நளீர் என்ற யூதக் குலத்தாரோடு இருந்தார்கள். கி.பி. 625 இல் அந்தக் குலம் ஊரைவிட்டுப் போக வேண்டி வந்தது. பெற்றவர்கள் அதற்குள் முஸ்லிம்களாகிவிட்டார்கள். "எங்கள் பிள்ளைகளை விடமாட்டோம்" என்று நின்றார்கள். அப்போதுதான் "மார்க்கத்தில் கட்டாயம் இல்லை" (2:256) என்ற வசனம் வந்தது என்று நபித்தோழர் இப்னு அப்பாஸ் சொன்னதாக அபூதாவூத் என்ற நபிமொழித் தொகுப்பில் இருக்கிறது. அங்கே கையைப் பிடித்து இழுத்தவர்கள் எதிரிகள் இல்லை, தங்கச்சி. பெற்ற தாய் தகப்பன். பாசத்தில்தான் இழுத்தார்கள். அதையும் குர்ஆன் விடவில்லை.

ஆகவே, "கலிமா சொன்னால்தான் அவன் உனக்கு" என்று ஒரு பெண்ணின் அன்பைப் பிடித்துக்கொண்டு கேட்பது நெருக்குதல்தான். கோபிக்காதீர்கள், "நீ மாறினால் நான் உயிரோடு இருக்க மாட்டேன்" என்பதும் அதே நெருக்குதல்தான். அந்தச் சொல்லைத் திரும்ப எடுங்கள், இன்றைக்கே எடுங்கள். உண்மையாகவே மனம் அந்தப் பக்கம் போகிறதென்றால் கூடப்பிறந்தவர் யாரிடமாவது சொல்லுங்கள், ஆஸ்பத்திரிக்குப் போய் வைத்தியரிடமும் கதையுங்கள். தனியே வைத்துக்கொண்டிருக்க வேண்டாம்.

இனி, மறைக்காமல் சொல்ல வேண்டிய பகுதி. மார்க்கச் சட்டப்படி ஒரு முஸ்லிம் ஆண் கிறிஸ்தவ, யூதப் பெண்ணை அவள் மதத்திலேயே வைத்து மணக்கலாம் (5:5). சைவப் பிள்ளையோடு நிக்காஹ் செல்லாது, அவள் ஈமான், அதாவது நம்பிக்கை, கொள்ள வேண்டும் (2:221). அதனால் பையன் வீட்டார் இல்லாத ஒரு விதியைக் கொண்டுவரவில்லை. அவர்கள் பிழைவிட்ட இடம் வேறு. "பெயருக்குத்தானே" என்றார்களே, அந்த இடம். கலிமாவின் முதல் சொல்லே "நான் சாட்சி சொல்கிறேன்" என்பது. காணாததைக் கண்டேன் என்று கோட்டில் சொன்னால் அதற்குப் பெயர் பொய்ச்சாட்சி. "நாங்கள் ஈமான் கொண்டோம்" என்று வந்து நின்ற நாட்டுப்புறத்து அரபிகளிடம், "இல்லை, பணிந்துவிட்டோம் என்று சொல்லுங்கள், ஈமான் இன்னும் உங்கள் உள்ளங்களுக்குள் நுழையவில்லை" (49:14) என்று சொல்லச் சொன்னது குர்ஆன். அப்படிப்பட்ட வேதத்தை வைத்திருக்கும் நாங்கள், மண்டபத்துக்குக் காசு கட்டியாயிற்று என்பதற்காக ஒரு பிள்ளையை ஐந்து நிமிடத்தில் சாட்சி சொல்ல வைக்கிறோம்.

எனக்கு இதில் ஒரு சொந்தக் கணக்கு இருக்கிறது. 1993 இல் புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் அகதியாக இருந்தபோது, ஒரு சைவப் பெண்ணுக்குக் கலிமா சொல்லிக்கொடுக்க என்னைக் கூப்பிட்டார்கள். ஆசிரியர் என்பதால் என்னிடம் வந்தார்கள். அப்பியாசக் கொப்பியில் கிழித்த தாளில் யாரோ "அஷ்ஹது அன் லாயிலாஹ" என்று தமிழில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். பிள்ளை அந்தத் தாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு எழுத்துக் கூட்டி வாசித்தது. வியர்வையில் மை ஊறி "ஹ" எழுத்து கலைந்துபோயிற்று. "இதன் அர்த்தம் தெரியுமா மகள்?" என்று கேட்டேன். "இதைச் சொன்னால் அவர் என்னை விடமாட்டார்தானே சேர்?" என்றது. நான் அந்த இடத்தில் எழும்பிப் போயிருக்க வேண்டும். போகவில்லை. சாட்சிக் கையெழுத்தும் போட்டேன். ஏழெட்டு வருடத்துக்குப் பிறகு பஸ் நிலையத்தில் கண்டேன். கையில் ஒரு பிள்ளை, பக்கத்தில் இரண்டு. அவன் விட்டுவிட்டுப் போய்விட்டான். தாய் வீட்டார் ஏற்கவில்லை, எங்கள் ஆட்களும் கண்டுகொள்ளவில்லை. "சேர், இப்ப நான் யார் ஆக்கள்?" என்று கேட்டது. அன்றிலிருந்து இந்தக் காரியத்துக்கு யார் கூப்பிட்டாலும் நான் போவதில்லை.

சரி, உங்கள் மகளுக்கு வழி என்ன? ஒன்று, பொது விவாகப் பதிவு. சைவப் பிள்ளையும் முஸ்லிம் பையனும் மதம் மாறாமலே அதில் பதியலாம். நாட்டின் சட்டத்துக்கு அது முழுமையான கலியாணம். எங்கள் பள்ளிவாசல் ஜமாஅத் அதை நிக்காஹ் என்று ஏற்காது. பையன் அதைத் தாங்குவானா என்று பிள்ளை இப்போதே முகத்துக்கு நேரே கேட்க வேண்டும். மற்றது, அவள் இஸ்லாத்துக்கு வருவது. அப்படியானால் அவளுக்கு 1951 ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம்தான். வழக்கு வந்தால் முஸ்லிம் விவாக வழக்குகளுக்கான காதி நீதிமன்றம். கணவன் இன்னொரு நிக்காஹ் செய்யவும் அந்தச் சட்டத்தில் இடமுண்டு. சொத்துரிமையும் நீங்கள் பழகிய, யாழ்ப்பாணத் தமிழர் வழக்கச் சட்டமான தேசவழமையின்படி போகாது, முஸ்லிம் சட்டப்படி போகும். சீதனக் காணி எழுதும் எண்ணம் இருந்தால் முதலில் ஒரு சட்டத்தரணியைப் பாருங்கள். இதையெல்லாம் பெண்ணிடம் சொல்ல வேண்டியவர்கள் பையன் வீட்டார். சொல்லாமல் கலிமாவை மட்டும் கேட்பது அநியாயம்.

அவளுக்கு உண்மையிலேயே எங்கள் மார்க்கத்தில் மனம் இருந்தால், கலியாணத் திகதியை ஒரு வருடம் தள்ளி வைக்கட்டும். வாசிக்கட்டும், கேட்கட்டும், நோன்பு நாளில் எங்கள் வீடுகளில் வந்து இருந்து பார்க்கட்டும். அந்த ஒரு வருடத்தில் கலியாணம் குழம்பினாலும் நான் இதை நம்புவேன் என்று அவளால் சொல்ல முடிந்தால், அன்றைக்குச் சொல்லட்டும். பெயரை மாற்றத் தேவையில்லை. பெயரில் வணக்கத்துக்குரிய இன்னொரு தெய்வத்தின் அடிமை என்ற பொருள் இருந்தால்தான் அந்தப் பேச்சு வரும். நபியவர்களின் தோழர்களில் மிகப் பெரும்பாலோர் தாய் தகப்பன் வைத்த பெயரோடுதான் வாழ்ந்து முடித்தார்கள்.

கேள்வி: உள்ளே வருவதற்குக் கட்டாயம் இல்லை என்கிறீர்கள். வெளியே போவதற்கு?
— பல்கலைக்கழக மாணவர், திருநெல்வேலி

பதில்: நியாயமான கேள்வி தம்பி. மத்ஹபுகள் என்ற பழைய நான்கு சட்டப் பிரிவுகளின் நூல்களும் மதம் மாறிய ஆணுக்கு மரண தண்டனை என்றுதான் எழுதின. "மார்க்கத்தை மாற்றியவரைக் கொல்லுங்கள்" என்று புகாரி தொகுப்பில் ஒரு ஹதீஸும் (நபிமொழியும்) இருக்கிறது. இதை உங்களிடம் ஒளிப்பது நேர்மையில்லை.

ஆனால் குர்ஆனை முதலிலிருந்து கடைசி வரை பாருங்கள். மதம் மாறியவருக்கு இந்த உலகத்தில் இன்ன தண்டனை என்று ஒரு வசனமும் இல்லை. மறுமையில் அவர் கணக்கு என்றுதான் வருகிறது (2:217). இன்னோர் இடத்தில் "நம்பிக்கை கொண்டு, பிறகு மறுத்து, பிறகு நம்பிக்கை கொண்டு, பிறகும் மறுத்தவர்கள்" (4:137) என்று வருகிறது. முதல் தரம் மறுத்தபோதே கழுத்தை வெட்டியிருந்தால் அந்த மனிதர் இரண்டாம் தரம் எப்படி நம்பியிருப்பார்? அபிசீனியாவுக்கு அகதியாகப் போன முஸ்லிம்களில் உபைதுல்லாஹ் இப்னு ஜஹ்ஷ் என்பவர் அங்கேயே கிறிஸ்தவரானார். கிறிஸ்தவராகவே இறந்தார் என்று சரித்திரம் எழுதியவர்கள் சொல்கிறார்கள். 1958 முதல் எகிப்தின் அல்அஸ்ஹர் மார்க்கக் கல்வி நிலையத்தின் தலைவராக இருந்த மஹ்மூத் ஷல்தூத், மறுப்பு என்பது மட்டும் ஒருவரைக் கொல்லக் காரணமாகாது என்று எழுதினார். பழைய தண்டனையைப் போர்க்காலத்தில் எதிரிப் படையோடு சேர்வதற்கான தண்டனையாகப் பார்க்கும் அறிஞர்களோடு நான் நிற்கிறேன். எங்கள் மௌலவிமார் எல்லாரும் இதை ஏற்க மாட்டார்கள். ஏற்காதவர்கள் என்னிடம் வந்து கதைத்தும் இருக்கிறார்கள். இன்னும் நான் மாறவில்லை.

யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு இதை விளக்க வெகுதூரம் போகத் தேவையில்லை. போர்த்துக்கேயர் 1621 இல் நல்லூர்க் கோயிலை இடித்த காலத்துக் கதை ஒன்றை உங்கள் பாட்டிமாரும் சொல்லியிருப்பார்கள். விரத நாளில் சைவச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு, வாழையிலையை வெளியே எறிந்தால் பிடிபடுவோம் என்று கூரைக்குள் செருகி வைத்தார்களாம். மேலே ஞானஸ்நானப் பெயர், கூரைக்குள் இலை. அதிகாரத்தால் எடுக்கக் கூடியது அந்தப் பெயரைத்தான். எங்கள் பள்ளிவாசலின் பெயர்ப் பட்டியலிலும் அப்படிக் கூரைக்குள் இலை செருகி வைத்தவர்கள் இருக்க வேண்டும் என்று யாராவது ஆசைப்பட்டால், அவருக்கு எங்கள் மார்க்கம் விளங்கவில்லை என்றுதான் சொல்வேன்.

கேள்வி: தைப்பொங்கலுக்குக் கொண்டுபோய்க் கொடுத்த பொங்கலை முஸ்லிம் அயலவர் வாங்கினார், ஆனால் சாப்பிடவில்லை என்று பிறகு தெரிந்தது. மனம் நொந்தது.
— குடும்பத் தலைவி, நாவாந்துறை

பதில்: சாமிக்குப் படைத்ததை நாங்கள் சாப்பிடுவதில்லை, தங்கச்சி. உங்களையோ உங்கள் பொங்கலையோ இழிவாக நினைத்து அல்ல. நீங்கள் வணங்குவதை ஏசக் கூடாது என்று எங்களுக்குக் கட்டளையே இருக்கிறது (6:108). அடுத்த வருடம் படைக்க முதல் ஒரு சிறு சட்டியில் எடுத்து வைத்துக் கொடுத்துப் பாருங்கள். வாங்கும்போதே அதைச் சொல்லாதது அவர் பிழை.

கேள்வி: 1990 இல் முஸ்லிம்களாகிய உங்களை யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேற்றினார்கள். இப்போது நீங்கள் சிறு தொகை. அதனால்தான் "கட்டாயம் இல்லை" என்ற வசனம் இனிக்கிறதோ? பெரும்பான்மையாக இருந்தால் இதைத்தான் எழுதுவீர்களா?
— வாசகர், கொக்குவில்

பதில்: அந்த வசனம் மக்காவில், அடிவாங்கிக்கொண்டு இருந்த காலத்தில் வரவில்லை. மதீனாவில், ஆட்சி கையில் இருந்தபோது வந்தது. கட்டாயப்படுத்த முடிந்தவர்களைப் பார்த்துத்தான் கட்டாயப்படுத்தாதே என்றது. அதைக் காற்றில் விட்ட முஸ்லிம் ஆட்சிகளும் இருந்தன. 12 ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினையும் வட ஆபிரிக்காவையும் ஆண்ட அல்முவஹ்ஹிதுகள் யூதர்களையும் கிறிஸ்தவர்களையும் மதம் மாற நெருக்கினார்கள். பெரிய யூத அறிஞர் மைமோனிதீசின் குடும்பம் கொர்தோபாவை விட்டு ஓடியது அதனால்தான். அவர்கள் செய்தது பாவம். எங்கள் ஆட்கள் என்பதற்காக நான் வேறு சொல் தேட மாட்டேன்.

"அநியாயமாகத் தங்கள் வீடுகளிலிருந்து வெளியேற்றப்பட்டவர்கள்" என்று தொடங்கும் ஒரு வசனம் இருக்கிறது (22:40). அதை ஓதும்போது எனக்கு இன்றைக்கும் தொண்டை அடைக்கும். ஆனால் அதே வசனம் அடுத்த மூச்சில் எதைக் காப்பாற்ற வேண்டும் என்று சொல்கிறது தெரியுமா? மடங்கள், தேவாலயங்கள், யூத ஆலயங்கள், பள்ளிவாசல்கள். வீடிழந்த முஸ்லிமைப் பற்றிய வசனத்தில் பள்ளிவாசல் கடைசியாகத்தான் வருகிறது.

1990 ஒக்டோபர் 30. துவக்கோடு வந்தவர்கள் இரண்டு மணித்தியாலம் தந்தார்கள். வழியில் பைகளைக் கொட்டிச் சோதிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, வாப்பாவின் குர்ஆன் நிலத்தில் விழக் கூடாதே என்று உம்மா அதை வேலிக்கு மேலால் பக்கத்து வளவு அக்காவிடம் கொடுத்தார். சரியாக ஐந்து வருடத்துக்குப் பிறகு, 1995 இல் அதே ஒக்டோபர் 30 ஆம் திகதி, போருக்குள் வலிகாமம் முழுக்க வெளிக்கிட்டு மழைக்குள் நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்குப் போனது. அந்த அக்காவும் போனார். சைக்கிள் கரியரில் ஒரு அரிசிப் பை, அதற்கு மேல் பொலித்தீன் சுற்றிய எங்கள் குர்ஆன். தன்னுடைய கலியாணப் படத்தை வீட்டில் விட்டுவிட்டுப் போனவர்.

2002 இல் பாதை திறந்ததும் நான் வந்தேன். படலையில் நின்று குரல் கொடுக்க, "நில்லுங்கோ தம்பி, குளிச்சிட்டு வாறன்" என்று உள்ளே போய்விட்டார். கால் மணித்தியாலம் நின்றேன். ஈரத் தலையோடு சாமி அறையிலிருந்து எடுத்து வந்தார். பழைய கூறைச் சேலைத் துண்டில் சுற்றி, பூச்சி முட்டை (நப்தலீன் உருண்டை) இரண்டு வைத்திருந்தார். "எங்களுக்கு வாசிக்கத் தெரியாது. வெள்ளிக்கிழமையில தூசி தட்டி வைப்பம்" என்றார். பன்னிரண்டு வருடம் முருகன் படத்துக்குப் பக்கத்தில் அது இருந்திருக்கிறது. ஒரு நாளும் அவர் அதனால் முஸ்லிமாகவில்லை. நானும் அவரை மாறும்படி கேட்கவில்லை. "உங்களை வீடுகளிலிருந்து வெளியேற்றாதவர்களுக்கு நன்மை செய்வதையும் நீதியாக நடப்பதையும் அல்லாஹ் தடுக்கவில்லை" (60:8) என்ற வசனத்தைப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கும்போது நான் சொல்வது அந்த அக்காவின் கதையைத்தான். நாங்கள் பெரும்பான்மையாக இருந்தாலும் அந்த வீட்டுக்கு வேறொன்றும் எழுத என்னால் முடியாது.

கேள்வி: குர்ஆனைத் தமிழில் வாசிக்க விருப்பம். மதம் மாறும் எண்ணம் இல்லை. வாசிக்கலாமா?
— குருநகர்

பதில்: தாராளமாக. என்னிடம் தமிழ் மொழிபெயர்ப்பு இரண்டு பிரதி இருக்கிறது. ஒன்று வெளியே போயிருக்கிறது, மற்றதைப் பின்னேர அஸர் தொழுகைக்குப் பிறகு எந்த நாளும் வந்து வாங்கலாம். உங்களுக்குப் பின்னால் இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள், ஆகவே ஒரு மாதத்தில் தாருங்கள்.