ஆயிரம் மீட்டர் தெரியுமா, சார்?

முதல் நைட் விஷன் மோனாகுலர் (இருட்டில் பார்க்க உதவும் ஒற்றைக்கண் கருவி) வாங்கப் போகிறவர்கள் அனுப்பிய கேள்விகளில் சில.

தாளவாடிப் பக்கம் மக்காச்சோளம் போட்டிருக்கிறேன். ராத்திரியில் பன்றித் தொல்லை, சில நாள் யானையும் வருகிறது. டிஜிட்டல் வாங்கவா, தெர்மல் வாங்கவா?

உங்களுக்குத் தெர்மல்தான். டிஜிட்டல் கருவி அகச்சிவப்பு டார்ச்சை அடித்துத்தான் இருட்டில் பார்க்கும். ஆளுயரச் சோளத்தில் அந்த ஒளி முன்வரிசைத் தட்டைகளில் பட்டுத் திரும்பி, படம் முழுக்க வெள்ளையாகப் பூத்துவிடும். பின்னால் பன்றி நின்றாலும் தெரியாது. தெர்மல் உடம்புச் சூட்டைப் பார்க்கிறது, அதற்கு வெளிச்சம் வேண்டாம். இலை இடுக்கில் முதுகு கொஞ்சம் தெரிந்தாலும் பளிச்சென்று காட்டிவிடும். இலை முழுசாக மூடிவிட்டால் அதுவும் கைவிரிக்கும். இன்னொன்று: பொழுது சாய்ந்த உடனே பார்த்தால் பாறையும் வெயில் சூட்டோடு ஒளிரும். நடுநிசிக்கு மேல் படம் தெளியும்.

யானை தெரிந்தால் பரணைவிட்டு இறங்காதீர்கள். வனத்துறைக்குப் போன் போடுங்கள்.

பெட்டியில் 1000 மீட்டர் என்று போட்டிருக்கிறதே, நம்பலாமா?

பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது பெரும்பாலும் ‘அங்கே ஏதோ இருக்கிறது’ என்கிற தூரம், ‘அது இன்னது’ என்கிற தூரம் அல்ல. நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். தெர்மல் சென்சாரின் பிக்சல் அளவு இப்போது பெரும்பாலும் 12 மைக்ரான். அதை லென்ஸின் குவியத் தூரத்தால் வகுத்துப் பத்தால் பெருக்குங்கள். 25 மி.மீ. லென்ஸ் என்றால் 4.8 வரும். அதாவது 100 மீட்டரில் ஒரு பிக்சல் 4.8 செ.மீ. இடத்தைப் பிடிக்கிறது. 70 செ.மீ. உயரப் பன்றிக்குப் பதினான்கு பிக்சல், அடையாளம் தெரியும். அதே பன்றி 500 மீட்டரில் மூன்று புள்ளி. பன்றியா, நாயா, பக்கத்துத் தோட்டத்துக்காரரா என்று யாராலும் சொல்ல முடியாது. விலை மலிவான 10 மி.மீ. லென்ஸில் 100 மீட்டரிலேயே ஆறு பிக்சல்தான். அதனால் கடையில் லென்ஸ் எத்தனை மி.மீ. என்று கேளுங்கள், மீட்டர் கணக்கை அப்புறம் பார்க்கலாம்.

6x, 8x என்று பெரிதாகக் காட்டுவதுதானே நல்லது?

நானும் அப்படி நினைத்துத்தான் முதலில் 6x வாங்கினேன். ஏரிக்கரையில் ஆந்தை எந்தக் கிளையில் இருக்கிறது என்று துழாவுவதற்குள் அது பறந்துவிட்டது. உருப்பெருக்கம் கூடக் கூடப் பார்வைப் பரப்பு சுருங்கும், கை நடுக்கமும் கூடத் தெரியும். முதல் கருவிக்கு 2x, 3x போதும்.

பழைய முதல் தலைமுறை டியூப் ஒன்று சல்லிசாக வருகிறது. வாங்கலாமா?

வேண்டாம். இருக்கிற கொஞ்ச வெளிச்சத்தைப் பெருக்கிக் காட்டும் பழைய வகை அது. படத்தின் ஓரங்கள் வளையும், நிலா இல்லாத நாளில் டார்ச் இல்லாமல் ஒப்பேறாது. முன்னால் வைத்திருந்தவர் பகலில் மூடியைத் திறந்து பார்த்திருந்தால் டியூபே பழுதாகியிருக்கலாம். அந்தக் காசுக்கு நல்ல டிஜிட்டல் வாங்குங்கள்.

கடவூரில் தேவாங்கு பார்க்க ஆசை. அகச்சிவப்பு டார்ச் 850 நானோமீட்டரா, 940-ஆ?

இங்கே தெர்மல் தோற்றுவிடும். சூடான உருண்டை ஒன்றைக் காட்டுமே தவிர, அந்தப் பெரிய கண்களைக் காட்டாது. டிஜிட்டல் எடுங்கள். 850 நானோமீட்டர் டார்ச் தூரம் போகும், ஆனால் அதன் முகப்பு மங்கலான சிவப்பாக ஒளிரும். 940 கண்ணுக்குத் தெரியாது, சென்சாருக்கும் அந்த அலைநீளத்தில் பார்வை குறைவு, அதனால் எட்டும் தூரம் சுருங்கும். மரத்தடியிலிருந்து பார்க்க 940 போதும். ஒன்றை மறந்துவிடாதீர்கள்: கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேரை 2022-இல் தேவாங்கு சரணாலயமாக அறிவித்திருக்கிறார்கள். இரவில் நுழைய வனத்துறை அனுமதி வேண்டும்.

கார் கண்ணாடி வழியாகத் தெர்மல் தெரியுமா?

தெரியாது. கண்ணாடியில் உங்கள் முகம்தான் மங்கலாகத் தெரியும். இறக்கிவிட்டுப் பாருங்கள்.

இதைக் கண்ணில் வைத்தபடியே வரப்பில் நடக்கலாமா?

கூடவே கூடாது. திரையைப் பார்த்த கண் இருட்டுக்கு முழுதாகப் பழக 20, 30 நிமிடம் ஆகும். தெர்மல் வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பாம்பின் உடம்பு ஏறக்குறைய மண்ணின் சூட்டிலேயே இருக்கும், திரையில் தனியாகத் தெரியாமல் போகலாம். கருவியைக் கழுத்தில் தொங்கவிட்டு, சாதாரண டார்ச்சைக் காலடியில் அடித்துக்கொண்டு நடங்கள்.